காய்ச்சல் விட்டது! காது போயிற்று!

ஹெலன் கெல்லர் அம்மையாரின் வாழ்க்கைக் கதை

அது 1882-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். அதில் டஸ்கம்பியா என்று ஒரு சிற்றூர். பெரம்பலூர்ப் பக்கத்தைப் போல அதுவும் பருத்தி விளையும் சீமைதான்.

அந்த ஊரில் ஒரு வீடு துக்கத்தில் மூழ்கிக் கிடந்தது. வீட்டின் செல்லக் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். குழந்தையின் பெயர் ஹெலன். வயது 19 மாதம்.

டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றிலும் மூளையிலும் இரத்தம் தேங்கிவிட்டது என்றார். காரணம் தெரியாத நோய்க்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். குழந்தை பிழைக்காது என்றே அவர் நினைத்தார்.

தாய் கேட் அம்மாள் குழந்தையின் பக்கத்திலேயே இருந்தாள். குழந்தை தூங்கும், திடுக்கிட்டு விழிக்கும். முன்பெல்லாம் ஆசையோடு பார்த்த வெளிச்சம் இப்போது அதற்கு ஆகவில்லை. சூடேறி வறண்ட கண்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

ஒரு நாள் விடியற்காலை, காய்ச்சல் வந்தது போலவே திடீரென்று விட்டுவிட்டது!

வீட்டில் ஒரே ஆனந்தம். செத்துப் போகும் என்று நினைத்த குழந்தை பிழைத்துக்கொண்டதல்லவா? உற்றார் உறவினர் எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால், அந்தக் குழந்தை இனி எதையும் பார்க்காது, எதையும் கேட்காது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

மணி அடித்தது, குழந்தை திரும்பவில்லை

ஹெலன் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி பிறந்தவள். தந்தை ஆர்தர் கெல்லர் முன்பு பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். பிறகு ஊரில் ஒரு பத்திரிகை நடத்தினார். கேட் அம்மாள் அவருக்கு இரண்டாம் தாரம். ஹெலன்தான் அவளுக்கு முதல் குழந்தை.

குழந்தை படு சூட்டிகை. ஆறு மாதத்திலேயே ஒன்றிரண்டு சொற்களைக் குதப்பிக் குதப்பிச் சொல்லத் தொடங்கியது. ஒரு வயது நிறைந்த அன்றே நடந்தது. தண்ணீருக்கு ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்பார்கள். குழந்தை அதை 'வா வா' என்றது.

காய்ச்சலுக்குப் பிறகு சில நாள் கழிந்தன. சாப்பாட்டு மணி அடித்தால் முன்பெல்லாம் திரும்பிப் பார்க்கும் குழந்தை, இப்போது திரும்பவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் கண் இமைக்கவில்லை. தாய்க்கு வயிற்றில் இடி விழுந்தது போல் ஆயிற்று.

கண் போனதைப் பெற்றவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். காது போனது அப்படியல்ல. அது மறைந்து கிடக்கும். கதவைச் சாத்தினால் தரை அதிரும், குழந்தை திரும்பும். பின்னால் ஆள் வந்தால் நிழல் விழும், குழந்தை திரும்பும். காது கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கண்ணும் காதும் சேர்ந்து போனதால் ஹெலன் வீட்டில் விஷயம் சீக்கிரம் வெளிப்பட்டது. காது மட்டும் போயிருந்தால் எத்தனை மாதம் தெரியாமல் கிடந்திருக்குமோ!

அது என்ன காய்ச்சல்?

அந்தக் காய்ச்சல் எது என்று நூறு ஆண்டுக்கு மேல் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். செம்புள்ளிக் காய்ச்சல் என்று சிலர் எழுதினார்கள். 2018-இல் ஜேனட் கில்ஸ்டார்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ அம்மையார், பழைய விவரங்களை எல்லாம் திரட்டி ஆராய்ந்தார். கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இறந்து போனவருக்கு இப்போது சோதனை செய்ய முடியாது. ஆனாலும், திடீரென்று வந்து, கண்ணையும் காதையும் பறித்துக்கொண்டு போன நோய்க்கு இந்தப் பெயரே பொருந்துகிறது.

மூளைக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் பல வகை உண்டு. கொசுக் கடியால் வருவது ஒன்று, அது வேறு. இங்கே சொல்வது மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பிடிக்கும் காய்ச்சல்.

மூளை, தேங்காய்க்குள் பருப்பு இருப்பதுபோல மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய உறைகள் உண்டு. உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. சில கிருமிகள் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே தங்கியிருக்கும். என்றைக்காவது அவை இரத்தத்தில் கலந்து, மூளை உறைக்குப் போய்விடுகின்றன. தெளிந்த நீர் சீழாகிறது.

அப்போது காய்ச்சல் கொதிக்கும். வாந்தி வரும். கழுத்து விறைத்துப் போகும். வெளிச்சம் பிடிக்காது. கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்காது, வீறிட்டு அழும், அல்லது அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும். உச்சிக்குழி மேடிட்டுப் புடைக்கும். சிலருக்கு ஜன்னி காணும்.

அந்த நாளில் இதற்கு மருந்தே கிடையாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கும் முறையைக் குவிங்கே என்ற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்ததே 1891-இல்தான். கிருமியைக் கொல்லும் மருந்துகள் 1930-க்கு மேல்தான் வந்தன. அதற்கு முன் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலானவை இறந்தன. ஹெலன் பிழைத்ததே அதிசயம்.

அரியலூர்க் கல்லும் காதும்

மூளையில் வந்த நோய் காதை ஏன் கெடுக்கிறது?

காதுக்குள்ளே, வெகு ஆழத்தில், எலும்புக்குள் ஒரு சிறு நத்தைக் கூடு போன்ற உறுப்பு இருக்கிறது. ஒலியைப் பிடித்து மூளைக்குச் சொல்வது அதுதான். அதனுள்ளே தண்ணீர் போன்ற நீர்மம். அந்த நீர்மத்தில் பட்டுப் போன்ற மெல்லிய மயிர்கள் கொண்ட அணுக்கள் வரிசையாக நிற்கின்றன.

மூளை உறையில் உள்ள நீருக்கும் இந்த நத்தைக்கும் நடுவே மிகச் சிறிய வாய்க்கால் ஒன்று உண்டு. சீழும் நஞ்சும் அதன் வழியே நத்தைக்குள் புகுந்துவிடுகின்றன. மயிர் அணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. இந்தச் சேதம் நோய் கண்ட முதல் ஓரிரண்டு நாளிலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது.

அதோடு நிற்பதில்லை. சில குழந்தைகளுக்கு நத்தைக்குள் இருக்கும் வெற்றிடம் மெல்ல மெல்ல எலும்பாக இறுகிப் போகிறது.

அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே சுண்ணாம்புக் கல் வெட்டும்போது, சுருள் சுருளான நத்தைகளும் கிளிஞ்சல்களும் கல்லாகக் கிடைக்கும். வாரணவாசியில் இவற்றுக்கென்றே ஒரு கண்காட்சிச் சாலை இருக்கிறது. கூட்டின் வடிவம் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் கல் நிரம்பியிருக்கும். காது நத்தைக்கும் அந்தக் கதிதான். வித்தியாசம் என்னவென்றால், அரியலூரில் அதற்குக் கோடி ஆண்டு ஆயிற்று. குழந்தையின் காதில் சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடலாம்!

இது ஏன் முக்கியம்? காது முற்றும் போன குழந்தைக்கு இப்போது காக்ளியர் என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். அதன் மெல்லிய கம்பியை நத்தைக்குள் செலுத்த வேண்டும். நத்தை எலும்பாகிவிட்டால் கம்பி உள்ளே போவது மிகவும் கடினம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இருக்கும் அவகாசம், இந்தக் காய்ச்சலில் காது போன குழந்தைக்கு இல்லை.

யாருக்குக் காது போகும்?

இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? பல நாட்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓரளவு சொல்ல முடியும்.

முதலில், எந்தக் கிருமி என்று பார்க்கிறார்கள். நிமோகாக்கஸ் என்ற கிருமி மற்றவற்றைவிடக் காதுக்கு அதிகக் கேடு செய்கிறது. அடுத்து, முதுகிலிருந்து எடுத்த நீரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது மிகவும் குறைந்திருந்தால் ஆபத்து கூடுதல். ஜன்னி கண்டதா? எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? இவையும் கணக்கில் வரும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று நம் பக்கத்தில் பலர் பயப்படுகிறார்கள். கையெழுத்துப் போட மறுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஊசி குத்தும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு கீழே உள்ள இடம். அந்த ஒரு துளி நீர்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து, காதுக்கு எவ்வளவு ஆபத்து என்று மூன்றையும் சொல்கிறது.

ஆனால், இந்தக் கணக்கு எல்லாம் முழுக்கச் சரியாக இருப்பதில்லை. ஆபத்து அதிகம் என்று நினைத்த குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். லேசாக வந்து போன காய்ச்சல் என்று நினைத்த குழந்தைக்கு ஒரு காது போயிருக்கும். பிழைக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குக் காது கெடுகிறது. அந்த ஒன்று எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே டாக்டர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் காய்ச்சல் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் காதைச் சோதித்துவிடுவது! வீட்டுக்குப் போகும் முன்பே சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

சோதனை கடினமானது அல்ல. பெரா என்று அதற்குப் பெயர். குழந்தை தூங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டுவார்கள். காதில் டிக் டிக் என்று ஒலி கொடுப்பார்கள். மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று இயந்திரம் காட்டிவிடும். குழந்தை வாய் திறந்து பேச வேண்டியதில்லை. ஊசி இல்லை, வலி இல்லை.

ஐந்து ஆண்டு இருட்டு

ஹெலனின் காலத்தில் இவை ஒன்றும் இல்லை. அவள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள்.

கேட்காத சொல் மறந்து போகும் அல்லவா? அவள் கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 'வா வா' என்ற ஒன்று மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளே சைகைகளை உண்டாக்கிக்கொண்டாள். ரொட்டி வேண்டுமானால், அறுத்து வெண்ணெய் தடவுவது போலக் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமானால் குளிரில் நடுங்குவாள். சமையற்காரியின் மகள் மார்த்தா அவளுக்குத் தோழி. இருவருமாகச் செய்த குறும்புகளுக்கு அளவில்லை. ஒரு நாள் தாயை உக்கிராண அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்! தாய் கதவை இடித்தாள். அந்த அதிர்ச்சியைக் கையால் தொட்டு உணர்ந்து ஹெலன் வாசலில் உட்கார்ந்து சிரித்தாளாம். மூன்று மணி நேரம் தாய் உள்ளேயே கிடந்தாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்ததைக் கேளுங்கள்.

மற்றவர்கள் தன்னைப்போலச் சைகை காட்டுவதில்லை, வாயால் ஏதோ செய்கிறார்கள் என்பதை ஹெலன் கண்டுகொண்டாள். இரண்டு பேர் பேசும்போது நடுவே போய் நிற்பாள். அவர்கள் உதட்டைத் தொட்டுப் பார்ப்பாள். தன் உதட்டையும் அதுபோல ஆட்டுவாள். ஒன்றும் நடக்காது. ஆத்திரம் பொங்கும். உதைப்பாள், கத்துவாள், களைத்துப் போகும்வரை புரளுவாள். பிறகு தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

வயது ஏற ஏற இந்த ஆத்திரம் தினமும் வந்தது. பிறகு மணிக்கு ஒரு முறை வந்தது. தங்கை படுத்திருந்த தொட்டிலையே ஒரு நாள் கவிழ்த்துவிட்டாள். தாய் ஓடிவந்து பிடித்திராவிட்டால் அந்தக் குழந்தை செத்திருக்கும். இவளை எங்காவது ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்று சுற்றத்தார் சிலர் சொன்னார்கள்.

அது அறிவில்லாத குழந்தை அல்ல. அறிவு இருந்தது, அது வெளியே வர வழி இல்லை. அவ்வளவுதான்!

டெலிபோன் கண்டுபிடித்தவர் காட்டிய வழி

கேட் அம்மாள் படித்தவள். ஆங்கில ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ஒரு பிரயாண நூலில், லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணைப் பற்றிப் படித்திருந்தாள். லாராவுக்கும் இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் கண்ணும் காதும் போயின. ஆனாலும் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் அவளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். தாயின் மனத்தில் அது ஒரு பொறியாக இருந்தது.

1886-இல் தந்தை ஹெலனை ரெயிலில் அழைத்துக்கொண்டு பால்டிமோர் நகரத்துக்குப் போனார். கண் டாக்டர் பார்த்தார். கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஆனால் இந்தக் குழந்தைக்குப் படிப்புச் சொல்லித்தர முடியும் என்றார். வாஷிங்டனில் உள்ள கிரகாம் பெல்லைப் பார்க்கும்படி அனுப்பினார்.

டெலிபோனைக் கண்டுபிடித்தாரே, அதே பெல்தான். அவர் தாய்க்குக் காது கேளாது. மனைவிக்கும் ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று. காது கேளாதவர்களுக்குக் கற்பிப்பதே அவருடைய தொழில். ஹெலனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தம் கடிகாரத்தை அடிக்க விட்டு, அதன் அதிர்வைத் தொட்டு உணரச் செய்தார். குழந்தைக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று. பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதச் சொன்னவர் அவரே.

ஏழைகள் விடுதியில் வளர்ந்தவள்

பள்ளியின் தலைவர் அனாக்னோஸ் ஓர் ஆசிரியையை அனுப்பினார். பெயர் ஆன் சல்லிவன். வயது 20. அவள் கதையும் ஒரு துயரக் கதை.

ஏழைக் குடும்பம். ஐந்து வயதில் கண் நோய். எட்டு வயதில் தாய் இறந்தாள். தகப்பன் கைவிட்டான். ஏழைகள் விடுதியில் தம்பியோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சில மாதத்தில் தம்பியும் இறந்தான். 14 வயதில்தான் எழுத்தே கற்றாள். கண்ணில் பல முறை ஆபரேஷன் செய்து ஓரளவு பார்வை வந்தது.

1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அவள் டஸ்கம்பியாவில் வந்து இறங்கினாள். ஹெலனுக்கு அப்போது ஆறு வயது, எட்டு மாதம். காய்ச்சல் வந்து ஐந்து ஆண்டு ஓடிவிட்டது.

ஹெலன் புது ஆசிரியைக்கு நல்ல வரவேற்புத் தந்தாள்! அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டாள். தந்தை ஏணி வைத்து, ஜன்னல் வழியாக ஆசிரியையை இறக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டு மேஜையில் எல்லார் தட்டிலும் கை வைப்பாள். ஆன் அதை விடவில்லை. கரண்டியால் சாப்பிட வைப்பதற்கு ஒரு பெரிய மல்யுத்தமே நடந்தது.

பெற்றவர்கள் பரிதாபப்பட்டுக் குறுக்கே வந்தார்கள். ஆன் தோட்டத்து வீட்டுக்குக் குழந்தையைத் தனியே கொண்டுபோனாள். குழந்தை மேல் ஆன் வைத்த அன்பைவிட, அவளுடைய பிடிவாதத்தைத்தான் பெரிதாகச் சொல்லத் தோன்றுகிறது.

தண்ணீர்!

ஆன் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக் காட்டுவாள். பொம்மையைக் கையில் கொடுத்து, பொம்மை என்று எழுதுவாள். ஹெலன் அதை அப்படியே திருப்பிச் செய்வாள். ஆனால் அது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 5-ந் தேதி. குவளைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் புரியாமல் ஹெலன் கோபத்தில் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தாள். ஆன் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். அங்கே யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெலனின் ஒரு கையைக் குழாயடியில் பிடித்தாள். குளிர்ந்த நீர் கொட்டியது. மறு கையில் தண்ணீர் என்று எழுதினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

ஹெலன் அப்படியே நின்றுவிட்டாள்.

மறந்து போன ஏதோ ஒன்று திரும்பி வருவது போல் இருந்ததாம் அவளுக்கு. காய்ச்சலுக்கு முன் காதால் கேட்டு வாயால் சொன்ன 'வா வா' அல்லவா அது! ஐந்து ஆண்டு உள்ளே கிடந்த ஒரு சொல்!

தரையைத் தொட்டாள், அதன் பெயரைக் கேட்டாள். பம்பைத் தொட்டாள், அதன் பெயரைக் கேட்டாள். திரும்பி ஆசிரியையைத் தொட்டு, அவள் பெயரைக் கேட்டாள். அன்று பொழுது போவதற்குள் 30 சொல் கற்றுவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும் உடைந்த பொம்மை ஞாபகம் வந்தது. துண்டுகளைத் தடவிப் பொறுக்கி ஒட்டவைக்கப் பார்த்தாள்; முடியவில்லை. முதல் தடவையாக, செய்த தவறுக்கு வருந்தி அழுதாள்.

19 மாதம் காது கேட்டிருந்ததும் அவளுக்கு உதவியிருக்க வேண்டும். பேச்சு என்று ஒன்று உண்டு என்பதை மூளை ஒரு முறை அறிந்திருந்தது.

பட்டமும் குரலும்

பிறகு எல்லாம் வேகம்தான். மூன்றே மாதத்தில் கடிதம் எழுதினாள். புள்ளி எழுத்தில் புத்தகங்களைத் தின்று தீர்த்தாள். 1890-இல் சாரா புல்லர் என்ற ஆசிரியையிடம் பேசக் கற்றாள். ஆசிரியையின் முகத்திலும் உதட்டிலும் விரல் வைத்து, நாக்கு எப்படி அசைகிறது என்று தொட்டுத் தொட்டுக் கற்றது அது.

1900-இல் ராட்கிளிப் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர் பேசப் பேச, ஆன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையில் எழுதிக்கொண்டே இருப்பாள். 1904-இல் ஹெலன் சிறப்பாகத் தேறினார். கண்ணும் காதும் இல்லாத ஒருவர் பி.ஏ. பட்டம் பெற்றது உலகில் அதுவே முதல் தடவை. படிக்கும்போதே எழுதிய அவருடைய வாழ்க்கைக் கதை 1903-இல் நூலாக வந்தது. பல மொழிகளில் இன்றும் படிக்கப்படுகிறது.

இவ்வளவு வெற்றியிலும் ஒரு குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் பேச்சு பிறருக்குத் தெளிவாகப் புரியவில்லை. மேடையில் அவர் பேசினால், பக்கத்தில் ஒருவர் நின்று அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். தம் குரலைத் தாமே கேட்க முடியாதவர் எப்படி அதைச் செம்மை செய்வது?

கண் போனதா, காது போனதா, எது பெரிய துன்பம் என்று அவரைப் பலர் கேட்டிருக்கிறார்கள். காது போனதுதான் என்பது அவர் பதில். மனிதக் குரலும் மொழியும் அதன் வழியேதான் வருகின்றன என்பார். இரண்டையும் இழந்தவர் சொன்னது இது.

வராமல் தடுப்பது

1907-இல் ஹெலன் அம்மையார் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பிறந்த குழந்தைகளின் கண்ணைக் கெடுக்கும் ஒரு நோய் உண்டு. பெற்றோரின் மேக நோயால் அது வருவதால், பெண்கள் படிக்கும் பத்திரிகைகளில் அதை யாரும் எழுத மாட்டார்கள். அவர் எழுதினார். பிறந்தவுடன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும், இத்தனை குழந்தைகள் குருடாக வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார்.

தம் காதைப் பறித்த நோயைத் தடுக்கும் ஊசி அவர் காலத்தில் வரவில்லை. பிறகு வந்தது.

ஹிப் என்ற கிருமிக்கு எதிரான மருந்தையும் சேர்த்து, ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியை இந்தியாவில் அரசு முதலில் போடத் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அது 2011 டிசம்பரில். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் அதைப் போடுகிறார்கள். நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அது 6, 14 வாரங்களிலும், பிறகு ஒன்பதாம் மாதத்திலும். கிராமங்களில் நர்சம்மா புதன்கிழமை போடும் ஊசியில் இவையும் சேர்ந்தவை. காசு கிடையாது. மூளை உறைக் காய்ச்சல் தரும் கிருமிகள் எல்லாவற்றையும் இவை தடுத்துவிடாது. ஆனால் குழந்தைகளை அதிகமாகத் தாக்கும் இரண்டைத் தடுக்கின்றன.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. பெரிய நோய் என்றால் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். பெரம்பலூர் 1995-இலும், அரியலூர் 2007-இலும் தனி மாவட்டங்கள் ஆயின. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஜன்னி கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்க்கு, ஒரு மணி நேரம் மிச்சமாவதுகூடச் சிறிய விஷயம் அல்ல. நோய் கண்ட முதல் இரண்டு நாளில்தான் காது கெடுகிறது என்று முன்பே பார்த்தோம் அல்லவா?

காது போய்விட்டது என்று சோதனையில் தெரிந்தால், காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்யப்படுகிறது. அது பல லட்சம் ரூபாய் ஆகும் காரியம். ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். அதற்குத் தாயும் கூடவே உட்கார வேண்டும். ஆன் சல்லிவன் செய்த வேலையை யாராவது ஒருவர் செய்துதான் தீர வேண்டும்!

நேருவின் முகம்

தமிழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளி புதிது அல்ல. ஹெலன் மாணவியாக இருந்த 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கில மாது அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார்.

ஹெலன் அம்மையார் இந்தியாவுக்கு 1955-இல் வந்தார். வயது 75-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் ஐந்து மாதம் ஆசிய நாடுகளைச் சுற்றினார்! பிரதமர் நேருவைச் சந்தித்தபோது, அவருடைய முகத்தை விரலால் தடவி அறிந்துகொண்டார். டெல்லிப் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் அளித்தது.

அந்தப் பயணத்தில் ஆன் சல்லிவன் கூட வரவில்லை. 49 ஆண்டு கூடவே இருந்த அந்த ஆசிரியை, 1936 அக்டோபரில் ஹெலனின் கையைப் பிடித்தபடியே காலமாகிவிட்டாள். அவளுக்குக் கடைசியில் பார்வையும் போய்விட்டது. அதன் பிறகு பாலி தாம்சன் என்ற மாது துணையாக இருந்தார். அவரும் 1960-இல் இறந்தார்.

ஹெலன் கெல்லர் அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, தூக்கத்திலேயே காலமானார். 88 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. அவருடைய அஸ்தி வாஷிங்டன் தேவாலயத்தில், ஆன் சல்லிவன், பாலி தாம்சன் இருவரின் அஸ்திக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. அங்கே சுவரில் ஒரு சிறு உலோகப் பலகை இருக்கிறது. கண்ணால் படிப்பவர்களுக்குச் சாதாரண எழுத்து. அதற்குக் கீழே, விரலால் தடவிப் படிப்பவர்களுக்குப் புள்ளி எழுத்து.